பெரியகல்லாற்றுக்குப் போன ஹேண்ட்பீஸ்

எங்கள் வீட்டுக்கு வரும் பொதிகளுக்குள் பிடுங்கிய பற்கள் இருக்கின்றன என்று என் வகுப்புப் பிள்ளைகள் உறுதியாக நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. பத்து வயதில் எனக்கென்று இருந்த புகழ் அது ஒன்றுதான்.

உண்மையில் அந்தப் பொதிகளில் வந்தவை, பல் டொக்டர்மார் பல்லைக் குடைவதற்குக் கையில் பிடிக்கும் ஹேண்ட்பீஸ்கள். பேனாவைவிடச் சற்றுத் தடித்த, வெள்ளி நிறக் கருவி. குழாய் வழியாகக் காற்றை விட்டால் அதன் தலைக்குள் இருக்கும் சின்னச் சில்லு கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் சுழலும். நுனியில் பூட்டிய ஊசியும் கூடவே சுழன்று பல்லைக் குடையும். வாகரையிலிருந்து பெரியகல்லாறு வரை எந்தக் கிளினிக்கில் அது பழுதானாலும், துணியில் சுற்றி, பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, பஸ் கொண்டக்டர் கையில் கொடுத்து மட்டக்களப்புக்கு, அப்பாவிடம் அனுப்பிவிடுவார்கள்.

அப்பா எங்கள் வீட்டு முன்னறையில் வேலை செய்தார். யன்னலைத் திறந்தால் வாவி தெரியும். ஆனால் தூசி வருமென்று அவர் அதைத் திறக்க விடமாட்டார். மேசையில் வெள்ளைத் துவாய் ஒன்றை விரித்து அதன்மேல்தான் எல்லாவற்றையும் கழற்றி வைப்பார். சில்லைத் தாங்கும் பெயாரிங் வளையங்களுக்குள் கடுகைவிடச் சிறிய குண்டுகள் இருக்கும். ஒன்று கீழே விழுந்தால் வீட்டில் யாரும் நடக்கக்கூடாது.

“எண்ணெய் விடாமத்தான் பாதிப் பழுது வாறது. சோறு திண்ட கோப்பையக் கழுவுற மாதிரி ஒவ்வொரு நாளும் செய்யுங்க எண்டா ஆர் கேக்காங்க?” என்று, அங்கே இல்லாத டொக்டர்மாரை அவர் ஏசிக்கொண்டிருப்பார்.

வேலை முடிந்ததும் காற்றடிக்கும் கொம்பிரசரைப் போட்டு, ஹேண்ட்பீஸை ஓடவிட்டு, என்னைக் கூப்பிடுவார். நான் காதைக் கிட்டக் கொண்டுபோவேன். நல்ல பெயாரிங்கின் சத்தம் இழுத்துக் கட்டிய நூல்போல ஒரே சீராகப் போகும். தேய்ந்துபோனது, சோற்றில் கல் கடிபட்டதுபோல இடையிடையே நறநறக்கும். எது எதுவென்று நான் சொல்லவேண்டும். விடையைத் தெரிந்துகொண்டே கேள்வி கேட்கிற வாத்தியாரைப்போல அப்பா எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். நான் கெட்டது என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் திரும்பவும் கழற்றிவிடுவார். அதில் எனக்குப் பெருமை தாங்காது.

அந்த வருடம் சித்திரைப் புதுவருடம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வாவியில் தோணி ஓட்டப் போட்டி வைத்தார்கள். மாமா, அம்மாவின் தம்பி, அதில் துடுப்புப் போடுகிறார். பின்னேரம் மூன்று மணிக்குப் போட்டி. மாமாவின் பிள்ளைகள் வந்து படலையடியில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். புதுச் சட்டையோடு முன்னறையைத் தாண்டும்போது அப்பா கூப்பிட்டார்.

“இதொண்டுதான் மகள். பெரியகல்லாத்துக்குப் போகோணும். கேட்டுட்டு ஓடு.”

கேட்டேன். நறநறத்தது. பலமாக இல்லை, ஆனால் இருந்தது.

அதைச் சொன்னால் அவர் மறுபடி கழற்றுவார், வேறு பெயாரிங் போடுவார், மறுபடி ஓடவிடுவார், மறுபடி என்னைக் கூப்பிடுவார். அதற்குள் தோணிகள் கரைக்கு வந்துவிடும்.

“நல்லா இரிக்கு அப்பா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “வடிவாக் கேட்டியா?”

“ஓம்.”

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். மாமாவின் தோணி கடைசிக்கு முந்தியதாக வந்தது. அதற்கே தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

பத்து நாள் போயிருக்கும். மத்தியானம் பள்ளிவிட்டு வந்து சோறு தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் வீட்டில் எப்போதும் அம்மாதான் போனை எடுப்பா. பெரியகல்லாற்றுப் பல் டொக்டர் பேசினா. அம்மா “ஐயோ” என்றா. பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா. ஹேண்ட்பீஸின் தலை சூடேறி ஒரு பொம்பிளையின் உதட்டைச் சுட்டுவிட்டதாம். விறைப்பூசி போட்டிருந்தபடியால் அந்த மனிசிக்குச் சுட்டதே தெரியவில்லை. விறைப்பு விட்ட பிறகுதான் கொப்பளித்திருந்ததைக் கண்டார்களாம்.

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். “பெயாரிங்தான். தேஞ்ச பெயாரிங்தான் அப்பிடிச் சுடும்.”

“உங்களுக்குத்தான் அந்தச் சத்தம் கேக்காதே. புள்ள கேட்டவளா இல்லையா?” என்றா அம்மா.

“புள்ளைய இதுக்குள்ள இழுக்காத. வேலை என்ட. பிழையும் என்ட.”

அப்பாவுக்குக் கேட்காதா? கொம்பிரசர்களுக்கும் அந்தக் கூரிய சத்தத்துக்கும் நடுவில் அவர் எத்தனையோ வருடம் இருந்தவர். பேச்சுக் கேட்கும், பஸ் கோர்ன் கேட்கும். மெல்லிய சத்தங்கள் மட்டும் அவரை விட்டுப் போயிருந்தன. இது அம்மாவுக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வருடமாக அவர் எனக்கு வைத்த பரீட்சைகளின் விடை அவருக்கே தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்தார். நானும் வருகிறேன் என்று அழுது, ஏறிக்கொண்டேன். கல்லடிப் பாலம் தாண்டியதும் அவர் முதுகோடு வாயை வைத்து, “அப்பா, நான் பொய் சொன்னன்” என்றேன். கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் தரமும் சொன்னேன். மூன்றாம் தரம் சொன்னபோது அவர் தலையைப் பாதி திருப்பி, “என்ன மகள், தண்ணி விடாய்க்குதா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அதுவும் அவருக்குத் தெரிந்திராது.

கிளினிக்கில் டொக்டரும், உதடு சுட்ட மனிசியும் இருந்தார்கள். வாவி மீன் விற்கிறவ. கீழுதட்டின் ஓரம் வீங்கிச் சிவந்திருந்தது. மருந்து பூசி மினுங்கியது. அப்பா அவவுக்கு முன்னால் நின்று, “என்ட கவலையீனம்தான் தங்கச்சி. மன்னிச்சுக்கொள்ளுங்க” என்றார். அப்பா ஒருவரிடம் அப்படிக் குனிந்து நின்றதை நான் கண்டதில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

“அப்பாவில பிழையில்ல!” என்று கத்தினேன். “அப்பாக்கு அந்தச் சத்தம் கேக்காது. நான்தான் கேட்டுச் சொல்றது. தோணி ஓட்டம் பாக்கப் போறதுக்கு நான்தான் பொய் சொன்னன்!”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எவ்வளவு காலமா அண்ணன்?” என்று டொக்டர் மெதுவாகக் கேட்டா. பிறகு நினைவு வந்தவவாக, கொஞ்சம் உரத்து, அதையே திரும்பக் கேட்டா.

“ரெண்டு வருசத்துக்கு மேல, டொக்டர்.”

மீன்காரிதான் முதலில் சிரித்தா. சிரித்தால் உதடு நோகுமென்று கையால் பொத்திக்கொண்டு சிரித்தா. “அப்ப என்ட சொண்டச் சுட்டது இந்தப் பூனைக்குட்டியா? இஞ்ச வா மகள். கெளுத்தி முள்ளுக் குத்தினா இதவிட நோகும். அழாத.”

டொக்டர் சிரிக்கவில்லை. “சுட்டது சின்னனாப் போச்சு. குழந்தைப்புள்ள ஒண்டெண்டா?” என்றா. அப்பா தலையைக் குனிந்தார். சற்றுப் பொறுத்து அவவே சொன்னா: “இனிமேல் பெயாரிங்கை மட்டும் மாத்தாதீங்க அண்ணன், உள்ளுக்கு இரிக்கிறத முழுசா மாத்துங்க. வாயில வைக்க முந்தி நானும் ஓடவிட்டுக் கேக்கன். எனக்கும் காது இரிக்குதானே.”

திரும்பி வரும் வழியெல்லாம் நான் சந்தோசமாக இருந்தேன். உண்மையைச் சொல்லி அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். காது கேட்காதவரிடமா கொடுக்கிறோம் என்று இரண்டு கிளினிக்குகள் பொதி அனுப்புவதை நிறுத்தியதும், அதற்குப் பிறகு அப்பா கொம்பிரசர் கழுவவும் பல் டொக்டர்மாரின் கதிரைகளைத் திருத்தவும் தொடங்கியதும் எதனால் என்று பெரியவளாகும்வரை எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. பெரியகல்லாற்று டொக்டர் மட்டும் கடைசிவரை அனுப்பிக்கொண்டிருந்தா.

அடுத்த நாள் பள்ளியால் வந்தபோது, கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த அந்த ஹேண்ட்பீஸின் உட்பாகத்தை அப்பா முழுதாக மாற்றி முடித்திருந்தார். முன்னறை வாசலில் அம்மா இருந்து பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா. அப்பா கொம்பிரசரைப் போட்டார். அம்மாவைத் தாண்டி உள்ளே பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் போய்க் காதை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இன்னொருக்கா ஓடவிடுங்கள் என்றேன், ஓடவிட்டார். இன்னொருக்கா என்றேன். மூன்றாம் முறையும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் ஓடவிட்டார். சத்தம் நூல்போலப் போனது.

“நல்லா இரிக்கு” என்றேன்.

வடிவாகக் கேட்டாயா என்று அவர் கேட்கவில்லை. ஹேண்ட்பீஸைத் துடைத்து, துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினார்.

கைக்கெட்டும் தூரத்தில் அம்மா இருந்தா. அவவின் காதில் ஒரு குறையும் இல்லை. அவவைக் கேட்கச் சொல்லாமல் ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நேற்று நடந்ததை அப்பா அதற்குள் மறந்துவிட்டார் என்று நினைத்து, நல்லதாய்ப் போயிற்று என்று விளையாடப் போய்விட்டேன்.