மகள் கேட்டது வெள்ளைத் துணி

தன் கல்யாணத்துக்கு என் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மண்டபம் வேண்டாம், குத்தம்பாக்கத்தில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஒரு தோட்டம் இருக்கிறது, அங்கே நடுவில் நிற்கும் பெரிய வேப்பமரத்தடியில்தான் தாலி கட்டிக்கொள்வேன், மரத்தில் வெள்ளை நெட் துணி தொங்க வேண்டும் என்றாள். சாப்பாடு, பத்திரிகை, அழைக்க வேண்டியவர்கள், அழைத்தே தீர வேண்டியவர்கள் எல்லாவற்றையும் எங்களிடம் விட்டுவிட்டாள். அந்த ஒன்றை நான்தான் கெடுத்தேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அம்பத்தூர் வீட்டை ராகு காலத்தில்தான் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரையும் அதைச் சொல்லாமல் நான் திருப்பி அனுப்பியதில்லை. பகுத்தறிவு என்பது என்னிடம் கூரையில் வைத்த தண்ணீர்த் தொட்டி மாதிரி, தெருவுக்கே தெரியும்படி இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் என் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டா, மரத்துக்கு வெள்ளத் துணியாமே? கோடி போத்தியா பொண்ணக் கட்டிக் குடுக்கப் போற?"

"துணிக்கு ஏதுக்கா நல்லது கெட்டது? எல்லா நிறமும் சேர்ந்தா வெள்ளை" என்று ஒரு வகுப்பு எடுத்தேன்.

"அதை வர்ற சொந்தக்காரங்ககிட்ட பந்தியில நின்னு சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

நான் போனைக் கீழே வைக்கவில்லை. அலங்காரம் செய்பவரைக் கூப்பிட்டேன். பூந்தமல்லிக்காரர், கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் துணி கட்டுபவர்.

"வெள்ளை வேணாம்பா. கல்யாணத்துக்கு வெள்ளை ஆகாது. மங்களகரமா மஞ்சளும் சிவப்பும் கட்டிடு. பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"சூப்பரு சார்! மஞ்சா, செவப்பு நம்மகிட்ட மூட்ட மூட்டயா கீது. ஆடி மாசம் வாங்கினது."

ஆடி மாசம் என்ற சொல் என் காதில் விழுந்தது. மூளை வரை போகவில்லை. மகளிடம் நான் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பார்த்தால் அவளுக்கே பிடித்துவிடும் என்று நினைத்தேன். அதாவது, அப்படி நினைத்ததாக இப்போது எழுதுகிறேன். உண்மையில் அவளிடம் பேசப் பயம்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் பிற்பகலிலேயே மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி இறுக்கமாகக் கட்டியாகிவிட்டது. இடுப்பில் சிவப்பு வரிந்திருந்தது. கிளைகளிலிருந்தும் சிவப்பு தொங்கியது. நன்றாகத்தான் இருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது.

எங்கே என்பதை எனக்குச் சொன்னவர்கள் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்த உள்ளூர்ப் பெண்கள். வேலி ஓரமாக வந்துகொண்டிருந்தவர்களில் ஒருத்தி நின்றாள். செருப்பைக் கழற்றினாள். நேராக உள்ளே வந்து மரத்தடி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னொருத்தி வீட்டுக்கு ஓடிப் போய்க் குங்குமமும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்து சேர்ந்தபோது மரத்துக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா முதல் ஆளாகப் போய் விழுந்து கும்பிட்டாள்.

மகள் பியூட்டி பார்லரிலிருந்து வந்து காரை விட்டு இறங்கினாள். மரத்தைப் பார்த்தாள். நேராக அலங்காரக்காரரிடம் போனாள்.

"அண்ணா, வெள்ளைன்னுதானே சொன்னேன்? போட்டோகூட அனுப்பினேனே!"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அக்கறையாக ஒரு ஜெனரேட்டரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"கொயப்பம் ஆயிப்பூச்சிம்மா" என்றார் அவர். "பசங்க மூட்டைய மாத்தி ஏத்திட்டானுங்க."

"இப்பவே அவுத்துட்டு மாத்துங்க."

"பொட்டு வெச்சிட்டாங்களேம்மா. இனிமே எவன் கை வெப்பான்?"

தோட்டத்தின் சொந்தக்காரர் தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் செய்த குடும்பம். நெல் போட்ட இடத்தில் புல்தரை போட்டவர். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து கைகூப்பினார். "எங்க தாத்தாவே சொல்வாரும்மா, இந்த மரத்துல ஆத்தா கீறான்னு. நாங்கதான் கண்டுக்கல. இப்ப அவளே துணி கேட்டு வாங்கிகினா."

கேட்டு வாங்கியது யார் என்று அங்கே இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டு பேரும் பேசவில்லை.

விடிந்தபோது ஊர்ப் பெண்கள் மஞ்சள் நீர்க் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். மணவறை போட வேண்டிய இடம் நாற்று நடும் பதத்தில் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேதான் தாலி கட்டினார்கள். ஆல்பத்தில் எந்தப் படத்தைப் புரட்டினாலும் என் மகளின் தலைக்குப் பின்னால் 'கை கழுவும் இடம்' என்று ஓர் அம்புக்குறி இருக்கும். அவள் அழவில்லை. "பரவால்லப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று என்னைத் தேற்றினாள். நானும் தேறிக்கொண்டேன்.

இந்த ஆனியில் ஐயப்பன்தாங்கலில் அவள் ஃபிளாட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். எதிர் ஃபிளாட்டுப் பெண் வந்து, தங்கை கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய யாராவது தெரியுமா என்று கேட்டாள். "யாரை வேணா கூப்பிடுங்க, அந்தப் பூந்தமல்லி ஆளை மட்டும் வேணாம். சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு. எங்க குரூப்ல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள் மகள்.

எதிர் ஃபிளாட்டுப் பெண் போனதும் சொல்லிவிட்டேன். கையில் பிசைந்த ரசம் சாதம் அப்படியே இருந்தது.

அவள் ரசக் கிண்ணத்தை மூடி வைத்தாள். பிறகு, "ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே. எனக்கு அந்த மரம்தான் முக்கியம். துணிக்கு சண்டை போட்டு, கடைசியில ஒத்துக்கிட்டிருப்பேன், ஆனா மஞ்சள், சிவப்புன்னு கேட்டதுமே, 'அப்பா, வேப்பமரம்ப்பா'ன்னு சொல்லியிருப்பேன்" என்றாள். அடுத்து, "அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

இல்லை.

"நீங்க போய்ச் சொல்லுங்க. குரூப்ல நான் சொல்லிக்கிறேன்."

ஆடி பிறந்ததும் போனேன். தேட வேண்டியிருக்கவில்லை. அதே தோட்டத்தில், அதே மரத்தில் ஏணி போட்டுப் புதுத் துணி கட்டிக்கொண்டிருந்தார். மரத்தைச் சுற்றி இப்போது கம்பி வேலி, உண்டியல், சூலம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

"அன்னிக்கு துணியை மாத்தச் சொன்னது நான்தான்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

"எனக்கு இன்னாத்துக்கு சார் சொல்றீங்க? போன எடுத்ததே நான்தான?" மேலிருந்தே சிரித்தார். "நீங்க வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். ஜெனரேட்டரையே பாத்துகினு நின்னீங்க."

"மன்னிச்சிடுப்பா."

"அத வுடுங்க. பாப்பாவுக்குத்தான் ஆசப்பட்ட மாதிரி ஒண்ணும் இல்லாமப் போச்சு." கீழே இறங்கி வந்தார். "ஒண்ணு பண்ணலாம் சார். ஒரு நாள் ரெண்டு பேரையும் கூட்டிகினு வாங்க. இதே மரத்துல அவங்க கேட்ட வெள்ளையக் கட்டி அழகா ஒரு போட்டோ எடுத்துடலாம்."

சொல்லிவிட்டு அவரே மரத்தை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

"முடியாதில்ல" என்றார் மெதுவாக. "இதுக்கு இனிமே வெள்ள ஆகாது."

மஞ்சள் துணியின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.