பெயருக்குப் பின் ஒரு கோடு

அப்பாவின் கல்லறைமேல் படுக்கவைத்த கருங்கல் பலகையில் இரண்டு பெயர்கள் உண்டு. இடப்பக்கம் அப்பாவின் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. வலப்பக்கம் அம்மாவின் பெயர், பிறந்த ஆண்டு, அதன் பின் ஒரு சிறு கோடு. கோட்டுக்கு அப்பால் பளபளக்கும் வெற்றிடம். அம்மா உயிரோடு இருக்கிறார். கல்லறைத் திருநாள்தோறும் பக்கெட்டில் தண்ணீர் எடுத்துவந்து அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவியதும் அவர்தான். அண்ணன் அன்போடுதான் அம்மாவின் பெயரையும் வெட்டவைத்தான். அப்பா தனியாகக் கிடக்கக்கூடாது என்று நினைத்தான். எங்கள் மாதா கோயில் பங்கில் வேறு சில குடும்பங்களும் இப்படி முன்கூட்டியே பெயர் வெட்டி வைத்திருக்கின்றன. கல் வந்து இறங்கிய அன்று அம்மா குனிந்து பார்த்தார். "எழுத்து நல்லா வெட்டியிருக்கான்" என்றார். அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழாய். திருநாளன்று அங்கே வரிசை நீளும். அப்படியொரு வரிசையில் அம்மாவின் பக்கெட் கைப்பிடி பிய்ந்துபோக, பின்னால் நின்றவர் தன்னுடையதைக் கொடுத்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கிணத்துக்கடவில் சின்னதாகத் தென்னந்தோப்பு. எங்கள் பங்கைச் சேர்ந்த அவர் மனைவி, அப்பாவுக்கு நான்கு வரிசை தள்ளி அடக்கம். அடுத்த மழைக்காலத்துக்குள், அம்மா இருந்த அண்ணன் வீட்டு ஆணியில் மெரூன் நிற ஹெல்மெட் ஒன்று தொங்கியது. அண்ணனுடையது கறுப்பு, பெரியது. வாத்தியாரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வாங்கிய இதன் தாடைப் பட்டி அம்மாவின் முகத்துக்கு அளவாக இறுக்கப்பட்டிருந்தது. அறுபதைத் தாண்டிய அம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை. ஒரு மதியம் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "வாத்தியாரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன் கண்ணு" என்றார். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"கல்லறைத் தோட்டத்துல பொண்ணு பாக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றான் அண்ணன்.

"நானுந்தான் அங்கயே மாப்பிள்ளை பாத்துக்கிட்டேன்" என்றார் அம்மா. யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். மணமக்களின் பெயரைச் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று முடிப்பார்கள். இளவட்டங்களின் பெயர்களுக்கு நடுவே, காலஞ்சென்ற இன்னாரின் மனைவி என்று அம்மாவின் பெயர் ஒலித்தபோது முன்வரிசைத் தலைகள் திரும்பின. பூசை முடிந்ததும் பாடற்குழுப் பெண் ஒருவர் அம்மாவின் தோளை இடித்தார். "ஏனுங்க அக்கா, ஓலை வாசிக்கறப்ப தூங்கற எங்கூட்டுக்காரரே இன்னைக்கு முழிச்சுக்கிட்டாருங்க." அம்மா சிரித்தார். அண்ணன் வண்டியருகே நின்றபடி என்னிடம் சொன்னான்: "மூணாவது ஓலை முடியட்டும். சாமியாரைப் பாத்துப் பேசிக்கறேன்." என்ன பேசப்போகிறான் என்று சொல்லவில்லை.

முறைப்படி தடை ஏதுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அண்ணன் சொன்னதை அம்மாவிடம் சொன்னபோது, மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். "அவன் எனக்கு எதிரா போய் நின்னான்னா, வேண்டாம்னு சொல்லிப்போடுவேன் அம்மணி. பெத்த பையனைச் சாமியார் முன்னால தோக்க வெக்க என்னால ஆகாது." அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. அடுத்த தெருவில் குடியிருந்த நான் ஏதாவது சாக்குச் சொல்லி அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தேன். அண்ணன் பாதிச் சோற்றில் எழுவதையும், தணிந்த குரலில் ஃபோன் பேசுவதையும், நான் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துவதையும் பார்த்தேன். வாத்தியார் அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். ஆணியில் ஹெல்மெட்மேல் தூசி படிந்தது. அம்மா அதைத் துடைக்கவில்லை.

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் அண்ணன் நேராகப் பங்கு அலுவலகத்துக்கு நடந்தான். நான் பின்னாலேயே போனேன். இளம் சாமியார் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அண்ணன் உட்காரவில்லை.

"எங்கம்மாவை எங்க அடக்கம் பண்ணுவீங்க ஃபாதர்?" என்று கேட்டான்.

சாமியார் என்னைப் பார்த்தார்.

"கல்லுல பேரு வெட்டியாச்சுங்க. அப்பாவுக்குப் பக்கத்துல. அங்கதான் வரோணும். இவங்க கிணத்துக்கடவுக்குப் போயிட்டா..."

அவனுடைய கோபம் மானத்தைப் பற்றியது என்றே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊர் என்ன பேசும், அவன் மாமனார் வீட்டில் என்ன கேட்பார்கள் என்பது போன்ற கணக்குகள் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் பக்கத்து இடம் காலியாகவே இருந்துவிடும் என்று ஒருவன் வாரக்கணக்கில் சோறு இறங்காமல் பயந்திருக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வாசலில் அம்மா நின்றிருந்தார். தலை முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை. "செத்தா எங்க வேணா வைங்க கண்ணு. நான் வந்து பாக்கப் போறதில்லை. இப்ப இருக்கறதுக்குத்தான் எடம் கேக்கறேன்" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, சற்றுத் தணிந்து, "வருசா வருசம் என் பேரை நானே தேச்சுக் கழுவறேன் சாமி. ஒருநாளாவது எப்படி இருக்குதுன்னு கேட்டயா?"

அண்ணன் சாமியார் பக்கம் திரும்பினான். "ஒண்ணுமில்லீங்க ஃபாதர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

கல்யாணம் வாரநாள் காலைப் பூசையில் நடந்தது. அண்ணன் கடைசி வரிசையில் நின்றான், போட்டோவுக்கு வரவில்லை. அதன் பிறகு கிணத்துக்கடவுப் பக்கமும் போகவில்லை. அதனால் இந்த ஆண்டு கல்லறைத் திருநாளன்று காலையிலிருந்தே எனக்குப் படபடப்பு. அம்மா வருவாரா, வந்தால் இவன் முகம் கொடுத்துப் பேசுவானா என்று தோட்ட வாசலையே பார்த்தபடி இருந்தேன். ஸ்கூட்டர் வந்து நின்றது. வாத்தியார் நான்கு வரிசை தள்ளித் தன் மனைவியிடம் போனார். அம்மா பக்கெட்டோடு எங்களிடம் வந்தார். ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். சேறு. கல்லின் வலப்பக்கத்தில், தன் பெயர்மேல், கோட்டையும் மறைத்து வைத்தார். இடப்பக்கத்தை மட்டும் தேய்த்துக் கழுவினார்.

அண்ணன் அந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மெழுகுவர்த்திக்கு எடுத்த தீக்குச்சியை உரசாமல் கையிலேயே வைத்திருந்தேன். அவன் குனிந்தான். கையிலிருந்த செவ்வந்தி மாலையின் ஒரு முனையைச் சுருட்டி, ஹெல்மெட்டின் அடியில் முட்டுக் கொடுத்தான்.

"காத்துக்கு உருண்டுரும்" என்றான், யாரையும் பார்க்காமல்.