மைக்கில் சொன்ன பெயர்

கடலுக்குப் போகாத நாட்களில் கிறகோரி உதைபந்தாட்ட அறிவிப்பாளர். முல்லைத்தீவுக் கரையோரக் கோயில் பெருநாள் ஆட்டங்களில் பதினைந்து வருடமாக மைக் அவரிடம்தான் இருக்கிறது. விளையாடுபவர்களைப் பட்டப்பெயரால் மட்டுமே அழைப்பார். ஒருவனுக்கு நிறத்தைப் பார்த்துக் ‘கறுவல்’ என்று வைத்திருந்தார்.

அவன் இப்போது கொழும்புக் கழகமொன்றில் சம்பளத்துக்கு விளையாடுகிறான். போன மாதம் அங்கே அவனுடைய அணியிலிருந்த கானா நாட்டுக்காரனைப் பார்த்துக் கூட்டம் குரங்குபோலக் கத்தியது. இருவரும் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். பெருநாளுக்கு ஊர் வந்தவன் ஆட்டத்துக்கு முன் கிறகோரியிடம் போனான்.

“அண்ணை, இனிக் கறுவல் எண்டு சொல்லாதேங்கோ.”

“அது செல்லமெல்லோடா. கொம்மாவும் அப்பிடித்தானே கூப்பிடுறா.”

“அம்மா மைக்கில கூப்பிடுறேல்லை.”

கிறகோரி கையிலிருந்த ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்தார். ஒன்பதாம் இலக்கத்துக்கு எதிரே அதிலும் ‘கறுவல்’ என்றுதான் இருந்தது. அவனிடமே பெயர் கேட்டு, வெட்டி எழுதினார்.

இருபதாவது நிமிடத்தில் அவன் கோல் போட்டான். கிறகோரி “கறு” என்று தொடங்கி நிறுத்தினார். மிச்சத்தைச் சனம் சொல்லிச் சிரித்தது.

“கோல் போட்டது டிலக்ஸன்,” என்றார்.

“அது ஆர்?” என்று கயிற்றுக்கு அப்பால் ஒருவர் கேட்டார்.

“மதலேனாவின்ர மகன்,” என்று மைக்கிலேயே பதில் சொன்னார்.

இடைவேளையில் பட்டியலும் பேனையுமாக மற்ற இருபத்தொரு பேரிடமும் போனார்.