வெண்ணிலா ரெக்கார்டிங்கின் மெட்ராஸ் அம்மா

கச்சேரி ரோட்டுச் சந்தில் இருக்கும் அம்சவள்ளியின் மாவுக்கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். மாவு வாங்க வருகிறவர்கள் ஒரு வகை. பெருமூச்சு விட வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்களைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். நாற்பதைத் தாண்டிய வயது, முன்தலையில் வழுக்கை ஏறியிருக்கும், காரை ரோட்டோரம் விட்டுவிட்டு நடந்து வருவார்கள். வாசலில் நின்றுகொண்டு கிரைண்டர் ஓடும் மூலையையே பார்ப்பார்கள்.

"இங்கதானக்கா வெண்ணிலா ரெக்கார்டிங் சென்டர் இருந்துச்சி?"

"ஆமா. மாவு ஒரு கிலோவா, ரெண்டு கிலோவா?"

"அதெல்லாம் ஒரு காலங்க்கா."

ஒரு காலம்தான். அந்தக் காலம் முடிவதற்கு முன்னாலேயே நீங்கள் எல்லாரும் எதிர்ச்சாரி செல்போன் கடையில் மெமரி கார்டை நீட்டிக்கொண்டு நின்றீர்களே, அது எந்தக் காலம் என்று கேட்கத் தோன்றும். ஒருமுறை கேட்டும்விட்டாள். அந்த ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாவு வாங்காமலே போய்விட்டான். அதன்பிறகு கேட்பதில்லை, வியாபாரம் முக்கியம்.

அவள் வடக்கனந்தல் பெண். கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவில் பிறந்து, பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசித்தவள். தலைமையாசிரியர் வெளியூர்க்காரர்களைக் கூப்பிட்டு அவளைப் பேசச் சொல்லிக் காட்டுவார். அப்படிப்பட்டவளைக் கள்ளக்குறிச்சியில் கேசட் கடை வைத்திருந்த சுப்புராயனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சொந்தமாகக் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை என்று அவள் வீட்டில் எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை.

கடை என்றால் முன்பக்கம் ஒரு கண்ணாடி மேசை, நடுவில் பிளைவுட் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் கேசட் பதிகிற டெக்குகள். சுப்புராயன் மேசையில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனோடு பேசுவான். வேண்டிய பாட்டையெல்லாம் சொல்லிவிட்டு, காலி கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைப் பதிந்து தருவது தடுப்புக்குப் பின்னால் இருக்கிறவள் வேலை. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆகவேண்டும், அதில் குறுக்கு வழி கிடையாது. அவள் காதில் ஹெட்போனோடு அரிசி பொறுக்கினாள், வெங்காயம் உரித்தாள், பெண்ணுக்குப் பால் கொடுத்தாள். ஊரே ரசித்த பாட்டெல்லாம் அவளுக்கு, எப்போது பக்கம் முடியும், எப்போது திருப்பிப் போட வேண்டும் என்ற கவலையாகத்தான் கேட்டது.

ஒவ்வொரு கேசட்டும் ஒரு அறிவிப்போடு தொடங்கும். ஊரில் மற்ற ரெக்கார்டிங் கடைகளில் கடைக்காரனே தொண்டையைச் செருமிக்கொண்டு கடைப்பெயரைச் சொல்வான். வெண்ணிலாவில் மட்டும் ஒரு பெண் குரல்.

"வணக்கம். நீங்கள் கேட்கவிருப்பது, கள்ளக்குறிச்சி, வெண்ணிலா ரெக்கார்டிங் சென்டர் வழங்கும் பாடல்கள். கேட்டு மகிழுங்கள்."

அதன் கடைசியில் கோயில் மணி மாதிரி நீளமாக ஒரு ஓசை. அதற்கப்புறம்தான் பாட்டு.

அந்தக் குரல் அம்சவள்ளியுடையது. அந்த மணி அவள் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெண்கலக் கும்பா, வாயகன்ற கிண்ணம். உள்ளங்கையில் ஏந்தி, கரண்டிக் காம்பால் விளிம்பில் தட்டினாள். ஒரு மத்தியானம் ஒரே தடவையில் பேசி முடித்தது. சுப்புராயன் அதைத்தான் ஆயிரக்கணக்கான கேசட்டில் ஏற்றினான். கல்வராயன் மலைக்காரர்கள் சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவந்து போட்டுவிட்டு, திரும்பும்போது கேசட் வாங்கிப் போவார்கள். வெள்ளிமலைக்கு மேலே பஸ் போகாத ஊர்களில்கூட அந்தக் குரல் பேட்டரி டேப்பில் வணக்கம் சொன்னது. அம்சவள்ளி இன்றுவரை அந்த மலையில் கால் வைத்ததில்லை.

"யாருண்ணே பேசறது? தேன் மாதிரி கீது" என்று ஒருநாள் யாரோ மேசையில் கேட்டார்கள். தடுப்புக்குப் பின்னால் அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து இறக்கினாள்.

"மெட்ராஸ்ல ரேடியோல பேசற அம்மா. நேராப் போயி, கெஞ்சிக் கூத்தாடி பேச வெச்சி எடுத்தாந்தேன்" என்றான் சுப்புராயன்.

சோறு போடும்போது அவள் கேட்டாள். "எந்த அம்மா அது? எனுக்குத் தெரியாம."

"வடக்கனந்தல் பொண்ணு பேசுனான்னு சொன்னா எவன்டி மதிப்பான்? மெட்ராஸ்னு சொன்னாத்தான் கடைக்கு கெத்து. உனுக்கு இன்னா கொறஞ்சி போச்சி?"

அவள் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஆனால் அவன் அந்தப் பொய்யை அதோடு விடவில்லை. வளர்த்தான். அந்த அம்மாவுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டான், மயிலாப்பூரில் வீடு கட்டிக் கொடுத்தான், தன்னை வாய் நிறையத் தம்பி என்று கூப்பிட வைத்தான். இல்லாத ஒருத்திக்கு அவன் கொடுத்த மரியாதையில் கால்வாசியைத் தடுப்புக்குப் பின்னால் இருந்தவள் கண்டதில்லை.

பிறகு எல்லாருக்கும் தெரிந்த கதைதான். சிடி வந்தது, மெமரி கார்டு வந்தது, கடைசியில் ஒன்றுமே வாங்கத் தேவையில்லாமல் பாட்டு வந்தது. கூட்டம் வற்றிப்போன கடையில் சுப்புராயன் வருஷக்கணக்காகத் தூசி தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேறு தொழில் பார் என்றால் கேட்கமாட்டான். சில நாள் தனியாக அந்த அறிவிப்பைப் போட்டுக் கேட்பான். அப்போதாவது, ஒரே ஒரு ஆளிடமாவது, பேசுவது என் பெண்டாட்டி என்று சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். மாரடைப்பில் போய்ச் சேரும்வரை சொல்லவில்லை. அவள் அவனுக்காக அழுதாள். கோபமும் அழுகையோடு கூடவே வந்தது, அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் டெக்கையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாள். பிளைவுட் தடுப்பைப் பிடுங்கினாள். அந்த இடத்தில் கிரைண்டரை வைத்தாள். கும்பாவில் வெந்தயம் ஊறியது. கட்டடத்துக்காரி கொளஞ்சியம்மாள் நல்ல மனுஷி, "நான் இருக்கறவரைக்கும் நீ ஆட்டிக்கினு இரு" என்றாள். பெண் தேவிப்ரியா இந்த மாவில்தான் படித்து, கல்யாணமாகி, ஓசூருக்குப் போனாள். சந்தில் பாதி வீட்டில் காலைப் பலகாரம் அம்சவள்ளி கை. அந்த அறை அவளுக்கு வெறும் கடை இல்லை. யார் தயவும் இல்லாமல் நிற்கிற இடம்.

பங்குனியில் கொளஞ்சியம்மாள் போய்ச் சேர்ந்தாள். பெங்களூரிலிருந்து மகன் சந்தோஷ் வந்தான். பதினாறாம் நாள் முடிந்த கையோடு மாவுக்கடை வாசலில் வந்து நின்று, முதல் பெருமூச்சை விட்டான்.

"ஆன்ட்டி, ஒரு நல்ல விஷயம். சுப்பு அண்ணன் கடைய நான் திரும்பக் கொண்டாரப் போறேன்."

புருஷன் அண்ணனாம், பெண்டாட்டி ஆன்ட்டியாம். அவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"கேசட் இனிமே எவன்பா வாங்குவான்?"

"வாங்கறதுக்கு இல்ல ஆன்ட்டி. கஃபே. செவுரு ஃபுல்லா கேசட்டு, பழைய போர்டு, அதே பேரு. காபி குடிச்சிக்கினே பாட்டு கேக்கலாம். உளுந்தூர்பேட்டைலேர்ந்து கார் எடுத்துக்கினு வருவாங்க, பாருங்க. எங்க ஸ்கூல் லைஃபே இந்த ரூம்தான். இத அப்படியே விட்டுட மனசு வரல."

"அப்ப நான்?"

"ஆடி முடியறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்தா போதும். அவசரமே இல்ல. ஓபனிங்குக்கு நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணும்."

துரத்திவிட்டு விளக்கேற்றவும் கூப்பிடுகிறான். இதற்கு எந்த வார்த்தையால் திட்டுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் செல்போன் அடித்தது. வணக்கம், நீங்கள் கேட்கவிருப்பது, கள்ளக்குறிச்சி, வெண்ணிலா ரெக்கார்டிங் சென்டர். அவள் குரல், அவன் சட்டைப்பையிலிருந்து. அவன் போனை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு மணி ஓசைவரைக்கும் கேட்டான்.

"இந்த மெட்ராஸ் அம்மாவத்தான் தேடிக்கினு இருக்கோம் ஆன்ட்டி. வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சி. அவங்க செத்துட்டாங்கன்னு ஒருத்தன் சொல்றான்."

"சாவல. நான்தான் அது."

சந்தோஷ் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, பெரியவர்கள் ஏதாவது உளறினால் சிரிப்போமே அது. "சுப்பு அண்ணனே எங்கிட்ட சொல்லியிருக்காரு ஆன்ட்டி. அவங்க வீட்ல காபி குடிச்சாராம்."

அம்சவள்ளி அந்த வாசகத்தைச் சொல்லிக் காட்டினாள். இத்தனை வருஷமாகக் கிரைண்டர் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. "நல்லாத்தான் சொல்றீங்க" என்றான், பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. செத்தவன் சொன்ன பொய்யை நம்புகிறான், எதிரில் நிற்கிறவள் சொல்லும் உண்மையை நம்பமாட்டேன் என்கிறான்.

கும்பாவை எடுத்தாள். ஊறிய வெந்தயத்தை வேறு கிண்ணத்தில் கொட்டி, முந்தானையால் துடைத்து, உள்ளங்கையில் ஏந்திக் கரண்டிக் காம்பால் தட்டினாள்.

அந்த ஓசை அடங்கும்வரை சந்தோஷ் தன் சட்டைப்பையிலிருந்த போனையும் அவள் கையிலிருந்த கும்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவன் கண் கலங்கியது.

"ஐயோ, ஆன்ட்டி. நீங்களா?"

பேரம் பேச அதைவிட நல்ல நேரம் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. "கொரல் உனுக்கு. எத்தினி தடவ வோணும்னாலும் பேசித் தரேன். கும்பாவையும் எடுத்துக்கோ. ரூம எனுக்கு உட்டுடு. நீ உன் காபிக் கடைய ரோட்டு மேல வெச்சிக்கோ, அங்கதான் காருங்க நிக்கும்."

"இல்ல ஆன்ட்டி" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ரூம்தான மேட்டரே. வேற எடத்துல வெச்சா அந்த ஃபீல் வராது. நீங்க ஒண்ணு பண்ணுங்க, சாயங்காலத்துல வந்து உக்காருங்க. வர்றவங்களுக்கு நேர்லயே வணக்கம் சொல்லுங்க. எவ்ளோ பெரிய கௌரவம்."

அவனிடம் போய்ப் பேரம் பேசியதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

ஆடியில் அவள் துருகம் ரோட்டில் ஒரு மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பு ஒன்றைப் பிடித்தாள். கிரைண்டரை மாட்டு வண்டியிலா ஏற்றுவது, ஆட்டோவிலா என்று தேவிப்ரியா போனில் கவலைப்பட்டாள். குட்டி யானை வண்டியைப் பிடித்து அதில் ஏற்றினாள். பழைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்கு அவள் எங்கே போனாள் என்றே தெரியவில்லை. அரைத்த மாவு புளித்துப் பொங்கி வழிந்தது.

ஆவணி முகூர்த்தத்தில் திறப்பு விழா. போகக்கூடாது என்றுதான் இருந்தாள். காலையில் மிச்சமாகி நின்ற மாவுப் பாத்திரங்களைப் பார்த்ததும் மனசு மாறியது. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, கும்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

சுவர் முழுக்கக் கேசட். கிரைண்டர் இருந்த மூலையில் ஓடாத டெக் ஒன்றுக்குக் கண்ணாடிப் பெட்டி போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். பெருமூச்சுக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தில், மனைவி மக்களோடு. எதிர்ச்சாரிக்குப் போனவர்கள், மாவு வாங்காமல் போனவன், எல்லாரும்.

"இத்தினி நாள் நாம தேடுன மெட்ராஸ் அம்மா, நம்ம ஊர்லயே!" என்று சந்தோஷ் மைக்கை அவளிடம் நீட்டினான். போன்கள் உயர்ந்தன.

அவள் மூன்று நாளாகச் சுக்கும் மிளகும் போட்டுக் குடித்திருந்தாள். குரல் பழையபடி தெளிவாக வந்தது.

"வணக்கம். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது, கள்ளக்குறிச்சி, வெண்ணிலா ரெக்கார்டிங் சென்டரின் குரல்." போன்கள் இன்னும் கிட்டே வந்தன. "இந்த அறையிலிருந்த அம்சவள்ளி மாவுக்கடை, துருகம் ரோடு, மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்புறம் மாற்றப்பட்டுள்ளது. காலை ஆறு மணி முதல் மாவு கிடைக்கும். வாங்கிப் பயனடையுங்கள்."

கும்பாவைத் தட்டினாள். ஓசை சுவரிலிருந்த கேசட்டிலெல்லாம் பட்டுத் திரும்பியது.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பலபேர் அழுதார்கள். எந்த ரோடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

சந்தோஷ் கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னான். "சூப்பர் ஆன்ட்டி. ஒரு சின்ன விஷயம். மாவு மேட்டர உட்டுட்டு, பழைய மாதிரி முன்னாடி மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க. ரீல்ஸ் போடணும்."

அம்சவள்ளி கும்பாவைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"அப்பவும் ஒரே ஒரு தடவதான் சொன்னேன். மிச்சத்தையெல்லாம் என் பேரச் சொல்லாம உங்க சுப்பு அண்ணன்தான் காப்பி போட்டு வித்தாரு" என்றாள். "நாளைக்கு மாவுக்கு வெந்தயம் ஊறப் போடணும், வழிய உடு."