கையில் கொடுக்காத கத்தி

எங்கள் வீட்டில் கத்தியைக் கையில் கொடுக்கிற வழக்கம் கிடையாது. கீழே வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். உப்புக்கும் மிளகாய்க்கும் இதே சட்டம்தான். ஆனாலும் அவசரத்தில் உப்பை நான் கையில் கொடுத்திருக்கிறேன். கத்தியை மட்டும் கொடுத்ததில்லை. என் வீட்டுக்காரர் விடமாட்டார். "வை, வை, நான் எட்த்துக்கறேன்" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் எங்கள் சண்டைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. குழம்பில் புளி கூடிப்போனால் சண்டை. ஃபேனை எவ்வளவு வேகத்தில் வைப்பது என்று சண்டை. அவருடைய அக்கா வந்தபோது நான் வாயால் மட்டும் சிரித்தேனாம், அதற்கு ஒரு வாரம் சண்டை. திருவொற்றியூரில் நாங்கள் இருக்கும் சந்தில் எதிர்வீட்டம்மா எங்கள் குரல் கேட்டால் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள். சீரியலை விட இது நன்றாக இருக்கிறது என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். அவளுக்கென்ன, கேட்கிறவளுக்குக் காது மட்டும்தானே வலிக்கும்.

அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏற்றிய சரக்கு ஆடாமல் கயிறும் சங்கிலியும் போட்டு இழுத்துக் கட்டுகிற வேலை. அதனால் அவர் பேன்ட் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். விரல் நீளம்தான், ஆனால் கையில் வைத்தால் கனம் தெரியும். மரப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளை. உள்ளே மூன்று இருந்தன. பெரிய அலகு ஒன்று, கயிறு அறுக்க முனை மழுங்கிய சின்ன அலகு ஒன்று, முடிச்சை நெம்ப ஒரு ஊசி. வீட்டிலும் அதே கத்திதான். மாங்காய் வந்தால் என்னைத் தொட விடமாட்டார். கையில் வைத்தே பத்தை பத்தையாகச் சீவி, கத்தியின் மேலேயே வைத்து நீட்டுவார். பத்தையை எடுத்துக்கொள்ளலாம், கத்தியைத் தொடக் கூடாது.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு காலை, பல் விளக்கப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரி, வீடு, திரும்ப ஆஸ்பத்திரி. பேச்சு மெல்லத் திரும்பி வந்தது. கால் பாதி வந்தது, கோலை ஊன்றிக்கொண்டு வாசல் வரை போவார். கை வரவில்லை. கோபமும் வரவில்லை.

சாப்பிடலாமா என்றால் சரி. குழம்பு நன்றாக இல்லையா என்றால் சரி. ஃபேனை நிறுத்தட்டுமா என்று வேண்டுமென்றே சித்திரை வெயிலில் கேட்டேன். அதற்கும் சரி. கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாமல் தவித்தவள் நான். இப்போது அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வியாசர்பாடியில் கட்டிக்கொடுத்திருக்கிற எங்கள் மகள் வந்து பார்த்துவிட்டு, "நைனா எவ்ளோ சாந்தமா கீறாரு பாத்தியா, இனிமேனா நீ நிம்மதியா இரும்மா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தெம்பு இல்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு பிசிர் வெட்டுகிறேன். தைத்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலையெல்லாம் நறுக்கி எடுக்கிற வேலை. சாயங்காலம் கட்டைவிரல் என்னுடையது மாதிரியே இருக்காது. வீட்டுக்கு வந்து அவரைக் குளிப்பாட்டி, சோறாக்கி, துணி அலசிப் போட்டு நிமிர்ந்தால், சரி என்று ஒரு குரல். அந்தச் சுவரோடு பேசிப் பேசித்தான் நான் களைத்துப்போனேன். வேலை செய்து களைத்ததெல்லாம் ஒரு களைப்பா?

ஒரு நாள் திரும்பி வந்தபோது அவர் கீழுதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. என்ன ஆச்சு என்றேன். ஷேவ் பண்ணும்போது பட்டுவிட்டது என்றார். ஷேவ் பண்ணிவிடுகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமைதான் பண்ணுவேன், அன்று வியாழன். டிவி ஸ்டாண்டைப் பார்த்தேன். அவர் விழுந்த நாளிலிருந்து அதில் கிடந்த கத்தி இடம் மாறிக் கட்டிலடியில் இருந்தது, மரப் பிடி எச்சிலில் ஈரமாக இருந்தது.

அந்தக் கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையால் பிடியைப் பிடித்து, மறு கையின் நகத்தை அலகில் உள்ள பள்ளத்தில் வைத்து இழுக்க வேண்டும். மனுஷன் பல்லால் இழுத்துப் பார்த்திருக்கிறார். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, திருடன் மாதிரி. அன்று ராத்திரி சோறு எனக்கு இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் சரி சொல்கிற ஆள் உள்ளே இதற்கு மட்டும் சரி சொல்லவில்லை என்று தெரிந்தது. இதையும் அவர் விட்டுவிட்டால் அப்புறம் எனக்கு ஆள் கிடையாது, உடம்பு மட்டும்தான் என்று பயந்துபோனேன். வேறு கத்தி வாங்கட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்.

மறுநாள் வேலை முடிந்து, வண்ணாரப்பேட்டையிலேயே ஒரு இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காய் நறுக்குகிற கத்தியை எடுத்துப் போட்டார். மடக்குக் கத்தி வேண்டும், சின்னதாக, கெட்டியாக, ரெண்டு மூணு அலகு இருக்க வேண்டும் என்றேன். பொத்தானைத் தட்டினால் சட்டென்று வெளியே பாய்கிற கத்தி ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அதைக் கேட்டதும், அதெல்லாம் வேண்டாம்மா, போலீஸ் பார்த்தால் எனக்கும் பேஜார், உங்களுக்கும் பேஜார் என்று பெட்டியை நகர்த்திவிட்டார். சிவப்புப் பிளாஸ்டிக்கில் கத்தரி, ரம்பம், பாட்டில் மூடி திறப்பது என்று ஊரையே மடித்து வைத்த ஒன்றைக் காட்டினார். திறந்தால் கடகடவென்று ஆடியது. கயிறு பார்த்த கைக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

நான் கைப்பையின் வாரில் வலது கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றையும் இடது கையால் மட்டும் எடுத்துத் திறந்து பார்த்தேன். ஒன்றும் சரியாகத் திறக்கவில்லை. சில கத்திகளில் பள்ளம் எட்டவில்லை, சிலவற்றில் ஸ்பிரிங் அவ்வளவு இறுக்கம். ஒன்று திறந்துகொண்டு என் விரலிலேயே விழப் பார்த்தது. பாய் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, வீட்டில் யாருக்கும்மா என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய், தூசு படிந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார்.

மரப் பிடி, பித்தளை முனை. இரண்டு அலகும் ஒரு ஊசியும். பெரிய அலகின் அடியில் கட்டைவிரல் நுனி பதிகிற அளவுக்கு வட்டமாக ஒரு துளை. எந்தக் கையாக இருந்தாலும் கட்டைவிரலைத் துளையில் வைத்துத் தள்ளினால் திறந்தது. அலகின் முதுகைத் தொடையில் அழுத்தினால் மடங்கியது. அதிலேயே இரண்டு ரகம் இருந்தது. வெள்ளை இரும்பு துருப்பிடிக்காது, ஆனால் தீட்டக் கஷ்டம். கறுப்பு இரும்பு கல்லில் இரண்டு இழுப்புக்கே கூர் ஏறிவிடும் என்றார். நாள் முழுக்க மொட்டைக் கத்தரியோடு மல்லுக்கட்டுகிறவளுக்குக் கூர்தான் பெரிசாகத் தெரிந்தது. கறுப்பையே கேட்டேன்.

கை நீட்டினேன். பாய் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா, எடுத்துக்கோங்க. வியாபாரத்துல சண்டை வேணாம்" என்றார்.

மெட்ரோவில் பையை மெஷினில் விடச் சொல்வார்கள். கத்தியைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்கிற நிலையில் நான் இல்லை. பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, பஸ் நகர்ந்தால்தானே. நிற்கிற கூட்டத்தில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பைக்குள் கையை விட்டு அந்தத் துளையைத் தடவிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து, வழக்கப்படி அவர் முன்னால் கட்டிலில் வைத்தேன். பார்த்தார். நல்லா கீதா என்றேன். சரி என்றார். எடுக்கவில்லை. அன்றும் எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. வைத்த இடத்திலேயே கிடந்தது. போர்வையை உதறும்போது நானே எடுத்து டிவி ஸ்டாண்டில் பழையதன் பக்கத்தில் வைத்தேன். என் களைப்பெல்லாம் கோபமாக மாறி நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் கிளிமூக்கு மாங்காய் வாங்கினேன். பலகை, உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் கொண்டுவந்து அவர் முன்னால் குந்தினேன். கத்தியை எடுத்து அவர் இடது கைக்கு நேராக நீட்டினேன்.

கை சட்டென்று பின்னால் போனது. "வை" என்றார்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து என்னை மறுத்து ஒரு வார்த்தை. நான் வைக்கவில்லை.

"கீழ வை. நான் எட்த்துக்கறேன்."

"எங்க எட்த்தே? மூணு நாளா கெடக்குது. கையில வாங்கு."

"சண்ட வரும்."

"வரட்டும்யா. அது வந்து எவ்ளோ நாளாச்சு!"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை மடக்கவில்லை. வலித்தது, மடக்கவில்லை. கடைசியில் அவர் இடது கை மெல்ல முன்னால் வந்து கத்தியை என் கையிலிருந்து வாங்கியது. கட்டைவிரல் துளையைத் தேடியது. ஒரு தடவை வழுக்கியது, இன்னொரு தடவையும் வழுக்கியது. நான் உதவப் போகவில்லை. போயிருந்தால் கெட்டது. டக்கென்று திறந்தது.

மாங்காயைப் பலகையில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். அவர் வெட்டினார். இடது கை, பழக்கமில்லை, கத்தி என் விரலுக்கு மயிரிழை தள்ளி இறங்கியது. "வெரல எடுடி, கூறு கெட்டவளே" என்றார். எடுத்தால் மாங்காய் ஓடுமே என்றேன். ஓடினால் ஓடட்டும் என்றார். முதல் பத்தை ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் காகிதமாகவும் வந்தது. அதை விட்டுவிட்டு அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா இது, கறுப்பு இரும்பா?"

ஆமாம், கூர் நல்லா ஏறும் என்று சொன்னேன். அவ்வளவுதான். கடலோரத்தில் குடியிருந்துகினு எவளாவது கறுப்பு இரும்பு வாங்குவாளா, உப்புக் காத்துல வாசக் கேட்டே ஒரு வருஷத்துல உதிர்ந்து போவுது, கத்தி எந்த மூலைக்கு, இவ்ளோ வருஷம் என்னோட குப்பை கொட்டி இதுகூடத் தெரிலியா என்று பிடித்துக்கொண்டார். அவருக்கு நாக்கு இன்னும் முழுதாக நேராகவில்லை. பாதி வார்த்தை வழுக்கியது. வழுக்க வழுக்க இன்னும் சத்தமாகச் சொன்னார். யோவ், நாள் முழுக்க நின்னுட்டு வந்து கடை கடையா ஏறி வாங்கினவளுக்குப் பேச்சைப் பார் என்று நானும் விடவில்லை. அவருடைய அக்காவைக்கூட இழுத்தேன். எதிர்வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொண்டே கத்தினேன்.

இரண்டு பேரும் ஓய்ந்ததும் தேங்காயெண்ணெய் கொண்டு வரச் சொன்னார். துணியைத் தொடையில் போட்டு அலகைத் துடைத்து, எண்ணெய் தடவி, முதுகை அழுத்தி மடக்கினார். தினம் இப்படி எண்ணெய் போட வேண்டும், இல்லாவிட்டால் துருவேறிவிடும், உன்னால் எனக்கு ஒரு வேலை என்று முணுமுணுத்தார். பிறகு, ஸ்டாண்டில் வை என்று கத்தியை நேராக என் கைக்கே நீட்டினார்.

பழக்கதோஷம், என் கை பின்னால் போய்விட்டது. கீழே வையேன் என்றேன்.

"வாங்குடி" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.