பாதியில் நின்ற கோழிக் கதை

எழுபதுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, ஊர் ஜனங்கள் தண்டவாளத்தைத் தாண்டிப் போகிற பாதையில் அது நடந்தது.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. குழந்தைகளின் மனநலம் பற்றிப் படித்துப் பயிற்சி முடித்து, சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாரத்தில் ஒரு நாள் காலை பாசஞ்சரில் கவரைப்பேட்டைக்குப் போவேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறையை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். மரக்கட்டைகள், படங்கள், ஒரு ஸ்டாப் வாட்ச், இவைதான் என் ஆயுதங்கள். ஊசி போடாத டாக்டர் என்றால் அந்த ஊரில் யாருக்கும் புரியவில்லை. "கட்டைய அடுக்கச் சொல்லி இன்னாத்த கண்டுபிடிக்கப் போறீங்க?" என்று ஒருவர் முகத்துக்கு நேரேயே கேட்டார்.

பள்ளியின் நாலாம் வகுப்பு வாத்தியார் ஒரு நாள் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியை அழைத்துவந்தார். இரட்டைப் பின்னல், துறுதுறுவென்ற கண்கள்.

"திமிர்ம்மா இவளுக்கு. சொல்வதெழுதல் வச்சா, நடு நடுவுல நாலு வார்த்தைய விட்டுட்டு எழுதுறா. ஏன்னு கேட்டா என் மூஞ்சிய வெறிச்சுப் பாக்குறா. ஸ்கேல் உடைஞ்சதுதான் மிச்சம்" என்றார்.

அவளுடைய அம்மா பக்கத்து அரிசி ஆலையில் நெல் உலர்த்தும் வேலை செய்பவர். அரைப் பரீட்சையிலும் பெண் தேறாவிட்டால், படிப்பை நிறுத்திவிட்டுத் தன்னோடு களத்துக்குக் கூட்டிப் போவதாக முடிவு செய்திருந்தார். இடுப்பில் ஐந்து மாத ஆண் குழந்தை.

அந்தக் குழந்தையைப் பார்த்ததுமே என் மனத்துக்குள் விடை தயாராகிவிட்டது. தம்பி பிறந்திருக்கிறான், அம்மாவின் கவனம் போய்விட்டது, பெண் அடம் பிடிக்கிறாள்! சோதனைகளிலும் அவள் சில கேள்விகளுக்குச் சட்டென்று பதில் சொன்னாள், சிலவற்றுக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று எழுதிக்கொண்டேன்.

அம்மா மட்டும் ஒன்று சொன்னார். "டாக்டரம்மா, அவ நடுநடுவுல எங்கியோ பூட்டு வராம்மா. சோறு துன்னும்போது கை அப்டியே நின்னுடும். அப்புறம் தானா துன்னுவா."

நான் புன்னகை செய்தேன். பெரிய மனுஷி மாதிரி, பொறாமை என்றால் என்ன, பெரிய குழந்தையை எப்படிக் கொஞ்ச வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். திரும்ப ஒரு முறை, "இல்லம்மா, நெஜமாவே நின்னுடறா" என்றார். நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம்தான் நான் சொன்ன வியாழக்கிழமை. வேலை முடிந்து ரயிலுக்குக் கிளம்பினேன். ஆலை, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்பதால் அம்மாவும் பெண்ணும் கூடவே வந்தார்கள். என் கட்டைப் பெட்டியைத் தானே தூக்கி வருவேன் என்று பெண் பிடுங்கிக்கொண்டாள். வழியெல்லாம் ஓயாத பேச்சு.

"அக்கா, எங்க ஊட்டுக் கோழி கீதே, அது முட்டை வைக்கணும்னா எங்க நைனா சொக்கா மேலதான் போய்க் குந்தும். நேத்து நைனா வேலைக்குப் போவ சொக்காய எடுத்தாரா, அந்தக் கோழி என்னா பண்ணிச்சு தெரியுமா, நேரா..."

பேச்சு நின்றது. நானும் அம்மாவும் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தோம். திரும்பிப் பார்த்தேன். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, பெட்டியைப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"வா சீக்கிரம்!" என்றேன். அவள் அசையவில்லை. பார்த்தாயா பிடிவாதத்தை என்று எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தியமாக அதுதான் முதலில் வந்தது.

அந்த நேரம் கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டியின் ஊதல் கேட்டது. தலை தூக்கினால், வண்டி கண்ணுக்கே தெரிகிறது. "ஏய்! வாடி!" என்று கத்தினேன். அவள் கண்கள் திறந்திருந்தன. இமைகள் மட்டும் லேசாகத் துடித்தன. உதடு எதையோ சப்புவது போல அசைந்தது. ஊதல் விடாமல் அலறிக்கொண்டே நெருங்கியது.

அம்மா கைக்குழந்தையை என் மேல் திணித்துவிட்டுப் பாய்ந்தார். பெண்ணை இடுப்போடு சேர்த்து வாரிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து விழுந்தார். பெட்டி சரிந்து கட்டைகள் சரளைக்கல் மேல் உருண்டன. அடுத்த மூச்சு விடுவதற்குள் வண்டி எங்கள் எதிரே தடதடத்தது. காற்றில் என் புடவை படபடவென்று அடித்தது. குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. அம்மாவின் மடியில் கிடந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, வண்டிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "...நேரா வந்து நைனா கையில ஒரு கொத்து கொத்திச்சுக்கா! நைனா எகிறிக் குதிச்சாரு!" என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு சுற்றிலும் பார்த்து, "ஐயே, இந்த வண்டி எப்ப வந்துச்சு? கட்டையெல்லாம் யாரு கொட்டுனது?" என்றாள்.

கோழிக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்! அவள் அடம் பிடிக்கவில்லை. பயந்து உறையவும் இல்லை. அந்தச் சில விநாடிகள் அவள் அங்கே இல்லவே இல்லை.

"இதத்தாம்மா சொன்னேன் நானு" என்றார் அம்மா. "இப்டித்தான் நின்னுடுவா."

படிக்கும்போது ஒரு வகுப்பில் கேட்டிருக்கிறேன். வலிப்பில் ஒரு வகை உண்டு. கை கால் இழுக்காது, நுரை தள்ளாது, கீழே விழவும் மாட்டார்கள். சில விநாடிகள் நினைவு மட்டும் அறுந்து, திரும்ப ஒட்டிக்கொள்ளும். வேகமாக மூச்சு விடச் சொன்னால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். கேட்டதோடு சரி, நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

மூவரையும் ரயில் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். என் ரயில் வந்து நின்றது, போயும்விட்டது. நான் ஏறவில்லை. பெண்ணைச் சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்து, நோட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கிழித்து அவள் முகத்துக்கு எதிரே பிடித்தேன்.

"இது ஆடிக்கினே இருக்கணும். நிறுத்தாம ஊது, பாக்கலாம்!" என்றேன். அவள் பாஷை எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊதினாள். காகிதம் ஆடியது. ஒரு நிமிடம். ஒன்றரை. ஒருவேளை நான் மறுபடியும் தப்பாக நினைக்கிறேனோ?

காகிதம் நின்றது.

கண்கள் வெறித்தன. இமை துடித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், காதருகே கை தட்டினேன், பதில் இல்லை. ஸ்டாப் வாட்சில் ஒன்பது விநாடி. பிறகு எதுவுமே நடக்காதது போல மறுபடி ஊத ஆரம்பித்தாள்!

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று நான் பெஞ்சைத் தட்டிக் கத்தியதில் ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே ஓடிவந்துவிட்டார். "இன்னாம்மா, எந்த வண்டி வந்துச்சு?" என்று அவர் பதற, பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "காத்து கருப்பா டாக்டரம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லம்மா. ஊட்ல கரண்டு போய்ப் போய் வருதுல்ல, அது மாதிரி. மூளையில ஒரு நொடி கரண்டு போவுது. மருந்து இருக்கு" என்றேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இனி தண்டவாளப் பக்கம் இவளைத் தனியாக விடக் கூடாது, குளம் குட்டைக்கு அனுப்பவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏன் என்று இந்த முறை நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அவர்கள் சென்னைக்கு வந்தார்கள். மூளை அலைகளைப் பதிவு செய்யும் இயந்திரத்தின் ஊசிகள் காகிதத்தில் அமைதியாகக் கோடு போட்டுக்கொண்டே வந்து, திடீரென்று ஒரே சீராக மேலும் கீழும் துள்ளின. நரம்பியல் மருத்துவர் காகிதத்தை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அருமை! இதை யார் கண்டுபிடித்தது?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கேள்விக்காக நான் முந்தின நாள் அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பும்போதே ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். "இவங்கதான் சார், இந்தப் பொண்ணோட அம்மா. நான் மூணு வாரம் காதுல வாங்கலை" என்றேன். சொன்ன பிறகு என்னவோ இன்னும் அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

மருந்து பிடித்துக்கொண்டது. ஒன்றரை மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, நான் பள்ளிக்குள் நுழையும்போதே அவள் சிலேட்டோடு ஓடிவந்தாள். சொல்வதெழுதல், ஒரு வார்த்தைகூட விடுபடவில்லை! பின்னாலேயே வாத்தியாரும் வந்தார். சிலேட்டை வாங்கி ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் பார்த்தார்.

"அடிச்சதெல்லாம் அந்தப் புள்ள இங்க இல்லாத நேரத்துக்காக அடிச்ச அடியாம்மா?" என்றார். நானும் அவரைப் போலத்தானே எழுதி வைத்திருந்தேன். பழைய தாளை எடுத்து, 'வேண்டுமென்றே' என்ற சொல்லை அவர் கண் முன்னாலேயே அடித்தேன்.

அவள் எட்டாம் வகுப்பு வரை படித்ததைப் பார்த்தேன். பிறகு அப்பாவுக்கு வேலை மாறி, மணவாள நகர் பக்கம் குடி போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். அம்மாக்கள் சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்ட பிறகுதான் கட்டைகளைக் கையில் எடுப்பேன். ஏனென்றால் வண்டி வந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் ஒரு குழந்தையைப் பிடிவாதக்காரி என்று நினைத்தவள் நான், அதை மறக்காமல் இருப்பதுதான் என்னை இந்த வேலைக்குத் தகுதியானவளாக வைத்திருக்கிறது.