தெருக் குழாயில் வந்த கங்கை

மேப் போடுகிறவனுக்கு ஊர் முழுக்க அத்துப்படி என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். மண்ணாங்கட்டி. கல்கத்தாவின் பெரிய தெருக்களைச் சங்கிலி பிடித்து அளந்து காகிதத்தில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். சௌரங்கியில் எந்த இடத்தில் தெரு அகலும், சித்பூர் ரோட்டில் எங்கே குறுகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனால் எனக்கு என்ன பிரயோஜனம் ஆயிற்று?

குதிரை டிராமை எடுத்துவிட்டு மின்சார டிராம் விட்ட புதிது அது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து உத்தியோகம் தேடி வந்தவன், ஒரு சர்வே ஆபீஸில் படம் வரைகிற வேலையில் உட்கார்ந்தேன். பவானிபூரில் ஒரு சந்துக்குள் ஜாகை. எங்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் ஊரிலேயே தவறிவிட்டன. மூன்றாவது பெண். நாலு வயசு நடந்துகொண்டிருந்தது. இந்த ஒன்றாவது நிலைக்க வேண்டுமே என்பதுதான் என் மனைவிக்கு விடிந்தால் எழுந்தால் கவலை. எனக்கும் அதே கவலைதான். நான் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

ஜாகைக்கு வந்த மறுநாளே அவள் ஈரப் புடவையோடு, முகமெல்லாம் பூரிப்பாக வந்து நின்றாள். சந்து முனையில் ஒரு குழாய் இருக்கிறதாம். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கங்கா ஜலம் என்றாளாம். "ஏன்னா, ஊர்ல ஒரு சொம்பு கங்கையை ஈயம் வெச்சு அடச்சுப் பூஜையில வெச்சுண்டிருப்பா. இங்க வாசல்ல கொட்றது. இனிமே நம்ம கொழந்தைக்கு ஒண்ணும் வராது" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. காசிக்குப் போக வழியில்லாத என் பெரியப்பாவுக்கு அன்றைக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

அந்தப் பெருமையை ஆபீஸே கெடுத்தது. பெரிய தெருக்களின் படத்தில் தண்ணீர்க் குழாய்களையும் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நீலப் புள்ளி வைத்தால் வடிகட்டின தண்ணீர், குடிப்பதற்கு. சிவப்புப் புள்ளி வைத்தால் ஆற்றிலிருந்து அப்படியே இறைத்து விடுகிற தண்ணீர், தெரு கழுவவும் குதிரை லாயம் அலம்பவும். தலைமை வரைவாளரான வங்காளி பாபு அடையாளம் சொல்லச் சொல்ல, நான் எங்கள் சந்து முனையை நினைத்துக்கொண்டேன். அங்கே இருப்பது சிவப்புப் புள்ளிக் குழாய். கங்கைதான், சந்தேகமில்லை. ஆனால் மேலே உள்ள அத்தனை ஊர்களின் அழுக்கையும் சுமந்துகொண்டு வருகிற கங்கை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். கங்கைக்குத் தோஷம் கிடையாது என்றாள். பெரிய தெருவில் இருக்கிற வடிகட்டின குழாய்க்குள் மாட்டுத்தோல் வைத்திருக்கிறார்களாமே, அதைக் கொண்டுவந்து சமையலறையில் வைக்கச் சொல்கிறீர்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். ஒழுகாமல் இருக்கத் தோல் வளையம் போட்டிருப்பது நிஜம்தான். பெண்ணைக் காட்டினேன். இவள் வேண்டுமா, உன் மடி ஆசாரம் வேண்டுமா என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள்.

அதன்பிறகு ஏற்பாடு இதுதான். ஒரு ஒரியாக்காரர் பெரிய தெருவிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். சந்து முனைக் கங்கை பூஜைக்கு மட்டும். பூஜைக்குத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டேன். காலை வெயிலுக்கு முன்னால் அளவு எடுத்தாக வேண்டும் என்பதால், அவள் விளக்கேற்றும்போது நான் சங்கிலிக்காரர்களோடு தெருவில் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூஜையை நான் செய்வேன். அன்றைக்கு அவளுக்கும் குழந்தைக்கும் தீர்த்தம் கொடுத்தது என் கை.

மாம்பழக் காலத்தில் குழந்தைக்கு வாந்திபேதி கண்டது. மதியத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. அழைத்து வந்த டாக்டர், என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். வடிகட்டின தண்ணீர் தவிர ஒரு சொட்டு வேறு கிடையாது, நான் இந்த ஊரின் குழாய்களையே படம் போடுகிறவன் என்று நிமிர்ந்து சொன்னேன். அப்படியானால் வெளியில் எங்கேயாவது எதையாவது தின்றிருக்கும் என்று சொல்லி மருந்து கொடுத்தார். மாம்பழத்தையும் தெருவில் விற்ற சந்தேஷ் இனிப்பையும் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றித் திட்டினோம்.

மறுநாள் காலையில் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். அவர் போனதும் என் மனைவி எழுந்து பூஜை அலமாரிக்குப் போனாள். உயிர் பிரிகிறபோது வாயில் கங்கை விட வேண்டும் அல்லவா? பஞ்சபாத்திரத்தை எடுத்து வந்தாள். துளசி மிதந்தது. உத்தரணிக் கரண்டியால் மொண்டாள்.

உத்தரணி பாத்திரத்தில் படும் சத்தம் குழந்தைக்குக் கேட்டிருக்கிறது. கண் திறக்கவில்லை. ஆனால் வலது கை மெதுவாகப் பாயிலிருந்து எழுந்து, தீர்த்தம் வாங்குவதற்காகக் குழிந்தது. தினமும் செய்கிற பழக்கம். நல்ல பிள்ளை, ஒரு நாளும் கீழே சிந்தாது.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். உத்தரணி நடுவில் நின்றது. தினம் தினம் இந்தக் கையில்தான் மூன்று தடவை விட்டிருக்கிறோம் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

"நாமளேவா குடுத்தோம்?" என்றாள்.

அந்தக் கை காத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள்தான் விட்டாள். வாங்கிக் குடிக்க அதற்குத் தெம்பு இல்லை. தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து பாயில் ஊறியது. சற்று நேரத்தில் கை கீழே விழுந்துவிட்டது.

ஆபீஸுக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? எங்கள் பகுதித் தாள் அந்த மாதமே முடிந்தது. சந்து முனையில் சிவப்புப் புள்ளியை நான்தான் வைத்தேன். பாபு படத்தைப் பார்த்து, கை சுத்தம் என்று பாராட்டினார். அந்தக் குழாயடியில் நின்று, குடிக்காதீர்கள் அம்மா என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் தொண்டை கிழியக் கத்தியும் பார்த்தேன். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குடத்தை நிரப்பினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன், பாவம் என்று பேசிக்கொண்டார்களாம்.

என் மனைவி பூஜையை நிறுத்தவில்லை. இப்போதும் அதே குழாயிலிருந்துதான் கொண்டு வருகிறாள். எனக்குத் தீர்த்தம் கொடுப்பதில்லை. தன் உள்ளங்கையில் விட்டுக்கொண்டு, மூன்று தடவையோடு நிறுத்தாமல், பாத்திரம் காலியாகும்வரை குடிக்கிறாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"அவளைக் கொண்டுபோச்சே, என்னை மட்டும் ஏன்னா கொண்டுபோக மாட்டேங்கறது?" என்று கேட்டாள்.

கையை விட்டுவிட்டேன். அவள் மறுபடியும் மொண்டுகொண்டாள்.